43 வயதில் கேமராவைத் தூக்கலாமா?

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன், வயது 43. துறைமுகச் சரக்கு கிளியரிங் செய்யும் ஒரு நிறுவனத்தில் 19 வருடமாக வேலை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் நான் எடுத்த படங்களை ஃபேஸ்புக்கில் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகை கேட்டு வாங்கிப் போட்டது. பெயர் வந்தது, பணம் வரவில்லை. அன்றிலிருந்து பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, மகள் பிளஸ் ஒன். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து, நல்ல கேமரா வாங்கி, ஒரு வருட டிப்ளமோ சேரலாம் என்று நினைக்கிறேன். லேட் ஆகிவிட்டதா? சில படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்: வணக்கம். முதலில் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் வெள்ளம். இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டோடு வரும் பெண், மிதக்கும் ஆட்டோ, படகில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். சுத்தமாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வாரம் சென்னையில் போன் வைத்திருந்த எல்லோரிடமும் இந்தப் படங்கள் இருந்தன. என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது, கடைசியில் போகிற போக்கில் நீங்கள் சேர்த்திருந்த ஒன்று. நிற்கும் டிரெய்லர் லாரிக்கு அடியில் லுங்கியைத் தூளியாகக் கட்டி ஒருவர் தூங்குகிறார். தலைமாட்டில் தண்ணீர் கேன். தூளிக்குக் கீழே செருப்பு ஜோடியாக, வீட்டு வாசலில் கழற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. மேலே ஒரு கன்டெய்னர் நிறையச் சரக்கு. "சும்மா, வேலைக்குப் போகும்போது எடுத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலை அந்தப் படத்தை வைத்துத்தான் சொல்லப் போகிறேன்.

லேட் ஆகிவிட்டதா என்றால், எதற்கு லேட் என்று பார்க்க வேண்டும்.

தினசரிப் பத்திரிகையில் சம்பளத்துக்குச் சேர்ந்து செய்திப் படம் எடுக்க வேண்டுமென்றால், ஆமாம், லேட்தான். சுற்றி வளைக்க விரும்பவில்லை. அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் ஏதோ ஒரு தலைவர் சிலைக்கு மாலை, பதினொரு மணிக்கு பிரஸ் மீட், மதியம் வள்ளுவர் கோட்டத்தில் ஆர்ப்பாட்டம், அது முடிவதற்குள் எங்கேயோ தீ விபத்து என்று போன். பிளஸ் டூ ரிசல்ட் அன்று துள்ளிக் குதிக்கும் மாணவிகள், காணும் பொங்கலன்று மெரினா கூட்டம், முதல் மழைக்குக் குடைகள். வருடா வருடம் இதே படங்கள்தான், ஆனால் பக்கத்துப் பத்திரிகையில் வந்து நம்மிடம் வரவில்லை என்றால் இரவே டெஸ்கிலிருந்து கேட்பார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக ஓட வேண்டும், டிவைடர் மேல் ஏற வேண்டும், பைக் சீட்டில் லேப்டாப்பை வைத்து அங்கேயே கேப்ஷன் அடித்துப் படம் அனுப்ப வேண்டும். 24 வயதுப் பையன்கள் செய்கிற வேலை இது. அந்தப் பையன்களுக்கே இப்போது இடம் குறைவு. 2013-இல் சிகாகோ சன்-டைம்ஸ் பத்திரிகை தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிருபர்களுக்கு ஐபோனில் படமெடுக்கப் பயிற்சி கொடுத்தது. நம் ஊரில் அப்படித் தடாலடியாக எதுவும் நடப்பதில்லை. ஒருவர் ரிட்டயர் ஆனால் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஆனால் பத்திரிகைப் புகைப்படம் என்பது இது மட்டும் இல்லை. அதே மிக்ஜாம் சமயத்தில், 2023 டிசம்பரில், எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது ஞாபகம் இருக்கும். மீனவர்கள் வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அந்த வாரம் முழுக்க அங்கே கேமராக் கூட்டம். கூட்டம் கலைந்த பிறகு அங்கே தொடர்ந்து போய், வலை என்ன ஆனது, இறால் பிடிக்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு வேலை. அதற்கு ஓட்டம் தேவையில்லை, பொறுமை வேண்டும். அங்கே பேச்சுக் கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வேலைக்கு 43 ஒரு நல்ல வயது என்றே சொல்வேன்.

நடுவயதில் தொழில் மாறுவது என்று பேச்சு வந்தால் செபஸ்தியாவ் சல்காடோவைச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். லண்டனில் சர்வதேசக் காபி அமைப்பில் பொருளாதார நிபுணராக இருந்தவர், 1973-இல் அதை விட்டுவிட்டுக் கேமராவோடு கிளம்பினார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 29. வயது விஷயத்தில் அவர் உங்களுக்கு உதாரணம் ஆக மாட்டார். வேறு விஷயத்தில் ஆவார். காபியை யார் பறிக்கிறார்கள், பணம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கணக்கு வழக்கோடு தெரிந்துகொண்டு கேமராவைத் தொட்டவர் அவர். பிறகு சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைப்பவர்களை ஊர் ஊராகத் தேடிப் போனதற்குப் பின்னால் அந்தப் பழைய வேலை இருக்கிறது.

நம் பக்கத்தில் பழனி குமாரைப் பாருங்கள். இன்ஜினீயரிங் படித்தவர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் மலக்குழிச் சாவுகளையும் விடாமல் படமெடுத்தார், அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். மீன் விற்ற தன் அம்மாவைப் பற்றி 'பாரி' இணைய இதழில் நீண்ட படக்கட்டுரை செய்திருக்கிறார். தேடிப் படியுங்கள், தமிழிலேயே இருக்கிறது. வெளியாள் ஒருவர் அந்த வீட்டுக்குள் போயிருந்தால் அந்தப் படங்கள் கிடைத்திருக்காது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை வடசென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. பத்திரிகைகளில் அது 'போக்குவரத்து நெரிசல்' என்ற தலைப்பில் வரும். மேம்பாலத்திலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ எடுத்த நீள வரிசைப் படம் ஒன்று கூடவே இருக்கும். அதை எடுத்தவருக்கு வரிசைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். டிரைவருக்கு டிரிப் கணக்கில்தான் காசு, நிற்கிற நேரத்துக்குக் கிடையாது என்று தெரியும். கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நேரம், அதாவது கட்-ஆஃப் தவறினால் யார் தலையில் விடியும் என்று தெரியும். சீல் சரியில்லை என்று கேட்டில் சொன்னால் டிரைவர் முகம் எப்படிப் போகும், ஜீரோ கேட்டில் எந்த ஷிப்ட்டில் வரிசை நகரும், எந்த டீக்கடைக்காரர் குளிக்கத் தண்ணீர் கொடுப்பார் என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். இத்தனையும் தெரிந்துகொள்ள ஒரு இளம் நிருபருக்கு வருடக்கணக்கில் ஆகும். இதை வைத்துக்கொண்டு நீங்கள் ஆர்ப்பாட்டப் படம் எடுக்கக் கிளம்பினால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ஒரு வருடம் இந்த ஒரே வரிசையை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளும் வேலை முடிந்த மாலைகளும் போதும். சாலை பொது இடம், யாரிடமும் பாஸ் கேட்க வேண்டாம். முதல் சில தடவை கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் கிளியரிங் ஆள் என்று தெரிந்ததும், "கேட்ல கொஞ்சம் சொல்லி விடுங்க சார்" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து டீ குடியுங்கள். டிரைவர்கள் நிறைய நேரம் வைத்திருப்பவர்கள், பேசுவார்கள்.

தூளிப் படத்தில் ஒரு குறை உண்டு. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்திருக்கிறீர்கள். தூங்குகிறவருக்கு நீங்கள் எடுத்ததே தெரியாது. முகமும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. கிட்டத்தில் போய் எடுக்க வைக்கும் 35 எம்எம் லென்ஸைப் போட்டுக்கொண்டு டிரெய்லருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் எழுந்து முகம் கழுவுகிற வரை இருந்திருந்தால் அந்த ஒரு இடத்திலேயே நான்கைந்து படம் கிடைத்திருக்கும். ஸ்டவ்வில் கொதிக்கும் குழம்பு, கிளீனர் டயரைத் தட்டிப் பார்க்கும் கை, பேட்டாக் கணக்கு எழுதிய நோட்டு, போனில் வீட்டோடு பேசும்போது மாறும் முகம். எடிட்டருக்கு ஒரே தூரத்திலிருந்து எடுத்த பன்னிரண்டு படம் கொடுத்தால் பக்கம் அமைக்க முடியாது. வரிசை முழுக்கத் தெரிகிற ஒன்று, ஆளோடு சூழலும் தெரிகிற சில, கை, பொருள் என்று கிட்டத்தில் சில, நேராகக் கேமராவைப் பார்க்கும் முகம் ஒன்றிரண்டு என்று வேண்டும். பழகிய பிறகு யாராவது ஒருவரோடு அவர் ஊர் வரை போய் வாருங்கள். அவர் எத்தனை நாள் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் வீடும் இந்த வரிசையில் ஒரு பகுதிதான்.

"கொஞ்சம் இப்படித் திரும்புங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். கல்யாணத்தில் சொல்லலாம், செய்திப் படத்தில் கூடாது. முகப்படம் என்றால் அவரை உட்கார வைத்து எடுக்கலாம், ஆனால் பார்க்கிறவருக்கு அது உட்கார வைத்து எடுத்தது என்று புரிய வேண்டும்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம். உங்கள் சட்டைப்பையில் துறைமுக நுழைவு பாஸ் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உள்ளே போன் கேமராவில்கூட ஒரு படம் எடுத்துவிடாதீர்கள். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் நிற்கும் இடம் அது, பாஸ் கொடுத்தது சரக்கு வேலைக்கு. பிடிபட்டால் உங்கள் பாஸ் போவது ஒரு பக்கம், உங்கள் நிறுவனத்துக்கும் தலைவலி. உள்ளே எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டம் வந்தால், ஒரு பத்திரிகையின் கடிதத்தோடு துறைமுக நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அடுத்து, கன்டெய்னர் நம்பர். கதவில் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அதை வைத்து எந்த ஷிப்பிங் லைன், எங்கே போகிற பெட்டி என்று துருவ முடியும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் நிறுவனத்துப் பார்ட்டியின் பெட்டி படத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஃபோட்டோஷாப்பில் அழித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நார்சிஸோ கான்ட்ரெராஸ் என்ற புகைப்படக்காரர் சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் இன்னொரு பத்திரிகையாளரின் வீடியோ கேமரா தெரிந்தது. படத்தில் இருக்கும் போராளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை அழித்து அனுப்பியதற்காக ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் 2014 ஜனவரியில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டு சிரியாப் படங்களுக்காகப் புலிட்சர் விருது வாங்கிய ஏ.பி. குழுவில் அவரும் ஒருவர். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். படத்தில் இருப்பதை நீக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. நம்பர் வர வேண்டாம் என்றால் பட்டனை அழுத்துவதற்கு முன்பே இரண்டடி தள்ளி நில்லுங்கள். எந்த எடிட்டரிடம் போனாலும், இந்தத் தொழிலில்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் முதலாளிக்கும் பத்திரிகையில் பார்த்துத் தெரிய வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்.

கிளீனர்களில் சில பேர் பார்க்கவே சிறுவர்களாக இருப்பார்கள். சட்டத்துக்குப் புறம்பாக வேலை செய்யும் சிறுவன் சிறார் நீதிச் சட்டத்தின்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை. அவனை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிட்டால் 74-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்தேகம் இருந்தால் முகம் வேண்டாம்.

கேப்ஷன். உங்கள் படங்களில் எதற்குமே இல்லை. "துறைமுகம் செல்லக் காத்திருக்கும் லாரிகள்" என்று எழுதினால் அது கேப்ஷன் இல்லை, படத்தில் தெரிவதையே திருப்பிச் சொல்வது. யார், எந்த ஊர், என்ன வயது, எந்தச் சாலையில் எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணியிலிருந்து நிற்கிறார், என்ன சரக்கு என்று அவர் சொன்னார், சாப்பிட்டது எப்போது என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட் நோட்டு போதும். 19 வருடம் ஷிப்பிங் பில்லில் ஒரு எழுத்துப் பிசகாமல் பார்த்தவர் நீங்கள், இதில் உங்களை அடிக்க ஆள் இருக்காது. படம் நன்றாக இருந்தும் பெயர், தேதி சரிபார்க்க முடியாமல் பக்கத்திலிருந்து தூக்குவது எங்கள் டெஸ்கில் வாடிக்கை.

பணத்துக்கு வருவோம். வெள்ளப் படத்துக்குப் பணம் வரவில்லை என்கிறீர்கள். கேட்டீர்களா? கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். 'நன்றி' என்று பெயர் போட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற இடங்கள் உண்டு. அடுத்த முறை, இத்தனை ரூபாய், ஒரு முறை பிரசுரிக்க மட்டும், இணையத்துக்கும் சேர்த்தா இல்லையா என்று மெயிலில் எழுதி, பதில் வந்த பிறகு பெரிய ஃபைலை அனுப்புங்கள். நீங்களாகப் போய் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவு. உரிமை என்பது எடுத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டும் ஓடும் சொத்து, ஒரு வரி எழுதி வாங்கச் சோம்பல் படாதீர்கள்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் இதில் வரும் காசு குடும்பம் நடத்தப் போதாது, அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். அதனால் வேலையை இப்போது விடாதீர்கள். பி.எஃப். பக்கமே போகாதீர்கள். மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிற வரை ராஜினாமாப் பேச்சு வேண்டாம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். வேலையை விட்டால் கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் மருத்துவக் காப்பீடும் அதோடு போய்விடும். ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருந்தால் புதுப் பாலிசியில் அதற்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். சம்பளம் வரும்போதே குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காலம் இப்போதிருந்தே கழிய ஆரம்பிக்கும்.

பிறகும் முழுதாக விடத்தான் வேண்டும் என்றில்லை. டாக்குமென்டேஷன் வேலையைப் பகுதிநேரமாகச் செய்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் படம் எடுத்து, மீதி மாதங்களில் பத்திரிகைக்கு எடுப்பவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. முழுநேரமாக இறங்கலாமா என்று என்னைக் கேட்டால், அவர்களாகவே கூப்பிட்டு வேலை கொடுக்கும் எடிட்டர்கள் இரண்டு பேராவது வேண்டும், அவர்கள் கொடுத்த பணம் அக்கவுண்டுக்கு வந்திருக்க வேண்டும், ஒரு வருட வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும் என்பேன். அப்புறம், மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், இதற்கு அவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை. அவர் சம்பளத்தை நம்பித்தான் இந்தத் திட்டமே நிற்கிறது.

கேமராவுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்று, 35 எம்எம் லென்ஸ் ஒன்று. வாங்கும்போது ஷட்டர் கவுண்ட், அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள், லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ராயபுரம் கடற்காற்றில் இரண்டாவது லென்ஸுக்கு முன்னால் ஈரம் அண்டாத ட்ரை கேபினட் பெட்டி ஒன்று வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். குறைந்தபட்சம் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்.

டிப்ளமோ உங்களுக்குத் தேவையில்லை. முழுநேரப் படிப்பில் பாதி, நீங்கள் வேலையிலேயே கற்றுக்கொண்ட விஷயம்: அதிகாரியிடம் பேசுவது, ஆவணம் படிப்பது, கெடுவுக்குள் முடிப்பது. மீதியை வார இறுதிப் பட்டறைகளில் கற்கலாம். 2016-லிருந்து சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா நடக்கிறது, கண்காட்சிகளைத் தவறவிடாதீர்கள். கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியிலும் அவ்வப்போது புகைப்படக் கண்காட்சி இருக்கும். போன் திரையில் பார்ப்பதற்கும் சுவரில் பெரிதாகப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பிரஸ் கார்டு போட்டுத் தருகிறேன், ஐயாயிரம் கொடு, பத்தாயிரம் கொடு என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள். வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கரும் வேண்டாம், 2024-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அதற்கென்றே வண்டிகளைப் பிடித்தது.

மூன்று மாதம் கழித்து எனக்குப் பன்னிரண்டு படம் அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் கேப்ஷனோடு. வெள்ளம் வேண்டாம், சூரிய அஸ்தமனமும் வேண்டாம். நீளப் பக்கம் 2000 பிக்சல் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டால் படமும் சுருங்கும், உள்ளே எழுதிய விவரமும் போய்விடும். மெயிலில் அனுப்புங்கள்.